கதையை வரலாற்றோட கடைசியில ஆரம்பிங்க: ஃபேண்டஸி எழுதுறவங்களுக்கு

ஃபேண்டஸி எழுத உட்கார்ற நிறைய பேர் முதல் அத்தியாயத்துலயே உலகம் எப்படி உருவாச்சுன்னு ஆரம்பிச்சுடுறாங்க. முதல் கடவுள், முதல் ராஜா, முதல் போர், அப்புறம் அவனோட மகன், பேரன்னு போய் ஹீரோ வர்றதுக்குள்ள நாலு அத்தியாயம் ஓடிடுது, படிக்கிறவங்க அதுக்கு முன்னாடியே கிளம்பிடுறாங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அந்த வரலாறு மொத்தத்தையும் யோசிச்சு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, ஆனா கதையை அதெல்லாம் நடந்து முடிஞ்ச பிறகு, ரொம்ப லேட்டா ஆரம்பிங்க. ஏன், எப்படின்னு விரிவா சொல்றேன். நான் சேலத்துலேருந்து எழுதுறேன், அதனால உதாரணம் பாதி இங்க அக்கம்பக்கத்துலேருந்துதான் வரும்.

மேட்டூர் டேமை எடுத்துக்கலாம். 1925ல கட்ட ஆரம்பிச்சு 1934ல முடிச்சாங்க. தண்ணி தேங்குன இடத்துல இருந்த ஊருங்க உள்ள போயிடுச்சு, ஜனங்க மேட்டுக்கு நகர்ந்துட்டாங்க. முழுசா நின்னா 120 அடி, அப்ப பார்த்தா கடல் மாதிரி தண்ணிதான், ஒண்ணும் தெரியாது. மழை பொய்ச்சு மட்டம் நல்லா இறங்குற வருஷம் பண்ணவாடி பக்கம் பழைய சர்ச்சோட கோபுரமும் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் வெளிய தெரியும், ஜனங்க அதைப் பார்க்கவே போவாங்க.

இப்ப இந்த இடத்தை வச்சு ஒரு கதை எழுதணும்னா எங்க ஆரம்பிப்பீங்க? 1934ல ஊரு முழுகுறதுலேருந்து ஆரம்பிச்சா அது ஒரு நல்ல சோகக் கதை, ஆனா அதுல நடக்குறது எல்லாம் நேரா நடக்குது, படிக்கிறவங்களுக்குக் கேள்வியே வராது. நந்தி வெளிய வர்ற வருஷத்துல ஆரம்பிச்சுப் பாருங்க. பரிசல் தள்ளுற பையனுக்கு அது ஒரு வருமானம், கூட வர்ற கிழவிக்கு அவங்க அம்மா வீடு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு தெரியும், காஞ்ச மண்ணுல யாரோ ஏர் ஓட்ட வர்றான், இது எங்க தாத்தா நிலம்னு இன்னொருத்தன் சண்டைக்கு நிக்கிறான். ஒரே மேட்டுல மூணு தலைமுறை நிக்குது, யாரும் ஃப்ளாஷ்பேக் போடாமலே பழசு எல்லாம் கண்ணு முன்னாடி வந்துடுது. கதையை லேட்டா வைக்கிறதுக்கு முதல் காரணம் இதுதான், பழசு வந்து இன்னைக்கு இருக்குற ஆளுங்களோட கைகாலைப் பிடிச்சு இழுக்கும்.

ரெண்டாவது காரணம் எழுதுறவங்களோட வசதி. லேட்டா பொறந்த கேரக்டருக்கு பழைய கதை சரியாத் தெரியாது, தெரியாம இருக்குறது இயல்பு, அதனால அவன் கேட்டுத் தெரிஞ்சுக்குறப்ப படிக்கிறவங்களும் கூடவே தெரிஞ்சுக்குறாங்க, நீங்க தனியா பாடம் நடத்த வேண்டியதில்ல. இன்னொண்ணு, ஆதிகாலத்துல நடந்ததை எப்படி நடந்துச்சுன்னு மெஷின் மாதிரி பிரிச்சுக் காட்டணும்னு கட்டாயம் இல்ல. மலையை ஒருத்தன் தூக்குனான்னு ஒரு பாட்டி சொன்னா போதும், நீங்க கண்ணெதிர்ல தூக்கிக் காட்டுனாத்தான் எப்படித் தூக்குனான்னு கணக்குக் கேப்பாங்க.

இது ஒண்ணும் வெளிநாட்டு டெக்னிக் இல்லைங்க. மகாபாரதத்தை எப்ப சொல்றாங்கன்னு பாருங்க, ஜனமேஜயன் சர்ப்ப யாகம் பண்றப்ப. அவன் அர்ஜுனனோட கொள்ளுப்பேரன், போர் முடிஞ்சு தலைமுறைகள் கழிச்சு, அப்பன் பரீட்சித்து பாம்பு கடிச்சு செத்ததுக்குப் பழி வாங்க உட்கார்ந்திருக்கான், அந்த இடத்துல வச்சுதான் முன்னோரோட கதை மொத்தமும் வருது. பழி வாங்கி வாங்கியே ஒரு குலம் எப்படி அழிஞ்சுச்சுங்குற கதையை, பழி வாங்க உட்கார்ந்திருக்கிறவன் கேக்குறான். அதுக்கும் உள்ள போனா குருக்ஷேத்திரமே துவாபர யுகத்தோட கடைசியில நடக்குது. அவ்வளவு கனம் அந்தக் கதைக்கு எங்கேருந்து வருதுன்னு நான் நினைக்கிறப்ப இந்த ஏற்பாடுதான் பெரிய காரணமாத் தெரியுது.

ஆங்கிலத்துல ஃபேண்டஸி எழுதுன டோல்கின் கதையும் அப்படித்தான். அவர் முதல் உலகப்போர் சமயத்துலயே தன்னோட உலகத்தோட ஆதிகாலக் கதைகளை எழுத ஆரம்பிச்சுட்டாரு, ஆனா 1954, 55ல வந்த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நடக்குறது அந்த உலகத்தோட மூணாம் யுகம் முடியுற நேரத்துல. ஆதிகாலக் கதைகள் புக்கா வந்தது 1977ல, அவர் இறந்து நாலு வருஷம் கழிச்சு, மகன் தொகுத்து. ஒரு கடிதத்துல அவர் சொல்றது என்னன்னா, பின்னாடி பெருசா ஒரு வரலாறு இருக்குன்னு அங்கங்க கண்ணுல படுறதுதான் அந்தக் கதையோட கவர்ச்சியில ஒரு பங்கு, தூரத்துல தெரியுற அந்த இடத்துக்கு நேரா போயிட்டா மாயம் போயிடும், அங்க போனா அதுக்கும் அப்பால இன்னொரு தூரம் தெரியணும்னு. நோட்டுல எழுதி வைங்கன்னு நான் சொல்றது இந்த தூரத்துக்காகத்தான்.

சரி, எப்படிப் பண்றது. எல்லாரும் முதல்ல டைம்லைன் போடுவாங்க, போடுங்க, ஆனா பத்தாயிரம் வருஷம்னு பெரிய நம்பர் போடத் தேவையே இல்ல. ஏற்காட்டுக்குப் போற யாரைக் கேட்டாலும் காப்பித் தோட்டமும் அதுக்கு நிழல் தர்ற சில்வர் ஓக்கும் அதுல ஏறுற மிளகுக் கொடியும்தான் ஏற்காடுன்னு சொல்வாங்க, காலங்காலமா அப்படியே இருந்த மாதிரி தோணும். ஆனா காப்பி இங்க வந்தது 1820கள்ல, காக்பர்ன்னு சேலம் கலெக்டரா இருந்தவர் கொண்டு வந்து போட்டது, சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். ஒரு மலையோட முகமே மாறி அது ஆதியிலேருந்தே அப்படித்தான்னு எல்லாரும் நம்புறதுக்கு 200 வருஷம், அதாவது ஒரு எட்டு தலைமுறை, போதுமா இருந்திருக்கு.

அதனால நான் காலத்தை மூணா பிரிச்சுக்கச் சொல்லுவேன். ஒண்ணு, உயிரோட இருக்குற கிழவன் கிழவி கண்ணால பார்த்த சம்பவம், ஒரு அறுபது எழுபது வருஷத்துக்குள்ள. ரெண்டாவது, அந்தக் கிழவியோட பாட்டி சொல்லிக் கேட்டது, ஒரு நூத்தம்பது வருஷம் வரைக்கும், இதுல பேரெல்லாம் சரியா இருக்கும், காரணம் மட்டும் மாறிப் போயிருக்கும். மூணாவது அதுக்கும் பின்னாடி, சாமி கதையா ஆயிட்டது. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு பெரிய சம்பவம் வைங்க போதும், அதுக்கு மேல வச்சா உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

அடுத்தது ரொம்ப முக்கியம், இதுல நேரம் செலவு பண்ணுங்க. அந்த ஒவ்வொரு சம்பவத்துலேருந்தும் இன்னைக்கு என்ன மிச்சம் இருக்குன்னு யோசிக்கணும், அந்த மிச்சத்தை இன்னைக்கு ஜனங்க என்னவா நினைச்சுப் பயன்படுத்துறாங்கன்னும் யோசிக்கணும். ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலையில புதிய கற்காலத்துக் கல்கோடாரிங்க கிடைச்சிருக்கு, வழவழன்னு தேய்ச்சு, ஒரு பக்கம் கூர்மையா, உள்ளங்கையில அடங்குற சைஸ். உலோகம் தெரியாத காலத்துல யாரோ மரம் வெட்ட, மண்ணு கிளறத் தேய்ச்சு வச்ச கருவி. பின்னாடி வந்த ஜனங்க காட்டுல, வயல்ல இதைக் கண்டெடுத்து, இவ்வளவு வழவழப்பா கல்லு தானா இருக்காதுன்னு புரிஞ்சுக்கிட்டு, மரத்தடிப் பிள்ளையார் கோயில்ல கொண்டு போய் வச்சுக் கும்பிட்டாங்க. இந்தியாவோட கற்கால ஆராய்ச்சிக்கு வழி போட்ட ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863ல பல்லாவரத்துல இதைவிடப் பழசான, பழைய கற்காலத்துக் கைக்கோடாரியைக் கண்டுபிடிச்சவர், கடைசி காலத்துல ஏற்காட்டுலதான் வீடு வச்சிருந்தாரு, அங்க ட்ரினிட்டி சர்ச்சுல அவர் நினைவிடம் இருக்கு. ஒரே கல்லு, செஞ்சவனுக்கு வேலைச் சாமான், கும்பிடுறவங்களுக்கு தெய்வம், ஃபூட்டுக்கு ஆதாரம். மூணு பேர் சொல்றதும் அவங்கவங்க அளவுல உண்மை. உங்க கற்பனை உலகத்துல இந்த மாதிரி ஒரே ஒரு பொருள் கிடைச்சிட்டா பாதிக் கதை வந்துடும்னு நான் உறுதியா நம்புறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர்ல செத்த வீரனுக்கு நட்ட நடுகல்லை வேடியப்பன்னு கும்பிடுறதும் இதே வகைதான்.

வெறும் பொருளா மட்டும் வைக்காதீங்க, சண்டையா, சடங்கா, யாரு எங்க உட்காரணும்ங்குற முறையாவும் மிச்சம் இருக்கலாம். இந்த மலைகள்ல வாழுற மலையாளிப் பழங்குடி மக்கள்கிட்ட (கேரளாக்காரங்க இல்ல) ஒரு கதை உண்டு, காஞ்சிபுரத்துலேருந்து வந்த அண்ணன் தம்பி மூணு பேரு, பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, மத்தவங்க பச்சமலைக்கும் கொல்லிமலைக்கும் போனாங்கன்னு. ஒரு பழைய பிரயாணம் இன்னைக்கும் மூணு மலைக்கு நடுவுல ஒரு உறவு முறையா நிக்குது பாருங்க. கற்பனை உலகத்துக்கு இந்த மாதிரி ஒண்ணு யோசிக்கிறப்ப அதே கதையை ரெண்டு ஊர்ல ரெண்டு விதமா சொல்ல விடுங்க, எது சரின்னு நீங்க தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

இப்ப ஒரு உதாரணத்தை முழுசா கட்டிப் பார்க்கலாம். ஒரு மலை. ஆதிகாலத்துல அங்க மழைக்கல்லுன்னு ஒண்ணு இருந்துச்சு, அதைத் தட்டுனா மழை வரும். அப்புறம் ஒரு ராணி, ஒரே ஆளு கையில இவ்வளவு அதிகாரம் இருக்கக்கூடாதுன்னு அதை ஏழு துண்டா உடைச்சு ஏழு ஊருக்குக் குடுத்துட்டா. அப்புறம் கீழேருந்து வியாபாரிங்க மிளகு வாங்க வந்தாங்க. இது எல்லாம் நோட்டுல. கதை ஆரம்பிக்கிறது மலை அடிவாரத்துச் சந்தையில, மிளகு நிறுக்குற ஒரு பொண்ணுகிட்ட. அவ தராசுல பாட்டி காலத்து எடைக்கல்லு ஒண்ணு இருக்கு, அது ராணி உடைச்ச ஏழுல ஒண்ணுன்னு அவளுக்குத் தெரியாது. அந்தக் கல்லு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் எடை குறையும், அதுவும் தெரியாது.

இதை ரெண்டு விதமா எழுதலாம். ஒண்ணு இப்படி: “ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மழை வம்சத்தின் நாற்பதாவது அரசி மழைக்கல்லை ஏழாக உடைத்தாள்.” தகவல் இருக்கு, ஆனா யாருக்கும் எதுவும் ஆகல. இன்னொண்ணு இப்படி: 

எடை சோதிக்க வந்த அதிகாரி கல்லைத் தூக்கிப் பார்த்துட்டு, “குறையுது,” என்றான். “எங்க பாட்டி காலத்துல முழு வீசைக்கு நின்னுச்சுங்கய்யா, நாங்க யாரும் கை வைக்கல,” என்றாள். அவன் திருப்பிப் பார்த்தான். மூணு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் மட்டும் முறிஞ்ச தடம். “மீதி எங்க?” என்று கேட்டான். அதுக்கு மீதின்னு ஒண்ணு இருக்கும்னே அவள் அதுவரைக்கும் யோசிச்சதில்ல.

ராணி பேரு வரல, வம்சம் வரல, ஆனா வரலாறு வந்துடுச்சு, அதுவும் அந்தப் பொண்ணோட பொழப்புல கை வச்சு வந்திருக்கு. கல்லைப் பறிமுதல் பண்ணுனா அவளுக்கு வியாபாரம் இல்ல, அதனால அவ மீதியைத் தேடிப் போயே ஆகணும். வழியில ஒரு ஊர்ல ராணியை தெய்வம்னு சொல்வாங்க, இன்னொரு ஊர்ல திருடின்னு சொல்வாங்க, சர்க்கார் ஆபீஸ் ரெக்கார்டுல அப்படி ஒரு ராணியே இருந்ததா இருக்காது.

இன்னொரு விஷயமும் இந்த உதாரணத்துல இருக்கு. லேட்டா வச்சா மட்டும் போதாது, ஏதோ ஒண்ணு முடியுற கட்டத்துல இருக்கணும். கல்லு ஏழும் தேஞ்சுக்கிட்டே வருது, இன்னும் சில மழைதான் மிச்சம், அதுக்கு அப்புறம் அந்த மலை எப்படிப் பிழைக்கும்? இந்தக் கேள்வி இல்லாம வெறுமனே இடிஞ்ச கோட்டையும் பாசி பிடிச்ச சிலையுமா காட்டுனா அது டூர் போன மாதிரி இருக்கும், கதை நகராது. பழைய ஏற்பாடு இனிமே தாங்காது, புதுசு என்னன்னு யாருக்கும் தெரியல, அந்த இடைவெளிதான் உங்க ஆளுங்க முடிவெடுக்குற நேரம்.

எல்லாக் கதைக்கும் இது பொருந்தாதுன்னும் சொல்லிடணும். அந்த ராணி எப்படி அந்த முடிவுக்கு வந்தாங்குறதுதான் உங்களைத் தூங்க விடாம பண்ணுதுன்னா தயங்காம அவ காலத்துக்கே போங்க. ஆனா அங்க போனாலும் அவளுக்கும் பின்னாடி ஒரு பழசு வேணும், அவ பார்த்து வளர்ந்த இடிபாடு, அவளுக்குப் புரியாத ஒரு சடங்கு.

கடைசியா திருத்துற வேலை. டிராஃப்ட் முடிச்சதும் பழைய வரலாறு வர்ற ஒவ்வொரு வரியையும் ஒரு கலர்ல மார்க் பண்ணுங்க. அந்த இடத்துல அதைச் சொல்றது யாரு, கேக்குறவங்களுக்கு அது இப்ப எதுக்கு வேணும், அதைத் தெரிஞ்சதும் அவங்க செய்யுறதுல என்ன மாறுதுன்னு பாருங்க. எதுவும் மாறலன்னா அந்த வரியை வெட்டி நோட்டுக்கு அனுப்பிடுங்க, எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும். முன்னுரையா வச்சிருக்குற ஆதிகாலக் கதையையும் இதே மாதிரி சோதிங்க, பெரும்பாலும் அதுவும் நோட்டுக்குத்தான் போகும், அப்ப ரெண்டாவது அத்தியாயம் முதல் அத்தியாயமா மாறும், அதோட முதல் வரியைப் புதுசா எழுத வேண்டி வரும்.