1505-ஆம் ஆண்டு லிஸ்பன்: முன்னாள் அரச ஒற்றனை மிளகு வியாபாரியாகக் கதைக்குள் கொண்டுவருவது எப்படி

பழைய போர்த்துகலில் ஒற்றன் கதை எழுத உட்கார்ந்தால் கை தானாகக் கறுப்பு அங்கியையும் விஷக் குப்பியையும் தேடிப் போகும். இரண்டையும் தள்ளி வையுங்கள். அரண்மனைக்கு வேவு பார்த்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவனின் ஆயுதங்கள் தராசு, கடிதம், கப்பல் வரும் மாதம் இவைதான். இவற்றைச் சரியாகப் பிடித்தால் சூழ்ச்சி தானாக அமையும். பிடிக்காவிட்டால் எத்தனை கொலை வைத்தாலும் கதை நிற்காது.

முதலில் ஆண்டைக் குறியுங்கள். "பதினாறாம் நூற்றாண்டு" என்று பொதுவாக வைத்துக்கொண்டு எழுதவே கூடாது. 1505-க்கும் 1545-க்கும் நடுவில் சட்டம், பயம், பணம் எல்லாமே மாறிவிட்டன. நான் 1505-ஐப் பரிந்துரைக்கக் காரணம் அரியணை. இரண்டாம் ஜொவாவ் 1481 முதல் 1495 வரை ஆண்டவர். 1483-இல் பிரகன்சா கோமகனை எவோராவில் தலைவெட்டிக் கொல்லச் செய்தார். 1484-இல் தன் மனைவியின் சகோதரரான விசேவு கோமகனைச் செதூபாலில் தன் கையாலேயே குத்திக் கொன்றார். அரசருக்கு எதிரான அவர்களுடைய சதியில் இருந்த எவோரா ஆயர் பல்மேலா கோட்டையின் நீர்த்தொட்டிச் சிறையில் செத்தார். சதி வெளிப்பட்டது துப்பு கொடுத்த ஆட்களால். இனிமேல்தான் முக்கியமான முடிச்சு: ஜொவாவுக்குப் பின் அரசரான மனுவேல், கொல்லப்பட்ட விசேவு கோமகனின் உடன்பிறந்த தம்பி. அவர் பதவிக்கு வந்ததும் பிரகன்சா குடும்பத்தைத் திரும்ப அழைத்து நிலபுலன்களைக் கொடுத்தார்.

ஆக, 1484-இல் இருபத்து நாலு வயதில் விசேவு வீட்டுப் பேச்சைக் கேட்டுச் சொன்னவன் ஒருவன் இருந்தால், 1505-இல் அவனுக்கு நாற்பத்தைந்து வயது. தான் யாரைக் காட்டிக்கொடுத்தானோ அவருடைய தம்பியின் ஆட்சியில் கடை வைத்திருக்கிறான். "முன்னாள் ஒற்றன்" என்ற சொல்லுக்கு எடை கொடுப்பது இதுதான். அவன் ஏன் வேலையை விட்டான் என்று தனியாகக் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து கதைக்கு ஒரு பொருள் கிடைக்கும். சேவைக்குக் கைம்மாறாக அரசர் ஆண்டு மானியம் எழுதிக் கொடுப்பது வழக்கம்; அதன் பெயர் தென்சா. அரசர் மாறினால் பழைய சாசனங்களைப் புதியவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ள வேண்டும். நம் ஆளிடம் ஜொவாவ் கையெழுத்திட்ட ஒரு தாள் இருக்கட்டும். காட்டினால் பணம் வரும், ஆனால் எதற்காகக் கிடைத்தது என்ற கேள்வியும் கூடவே வரும். காட்டாமலும் எரிக்காமலும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான். சாவி எங்கே இருக்கிறது என்பதை முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள்.

வேலை என்னவாக இருந்தது என்பதையும் துல்லியமாக முடிவு செய்யுங்கள். ஜொவாவின் ஒற்றர் பேரோ த கொவிலியா நல்ல அளவுகோல். அவர் முதலில் பக்கத்து நாடான காஸ்டீலில் அடைக்கலம் புகுந்த போர்த்துகீசியப் பிரபுக்களை வேவு பார்த்தவர். 1487 மே மாதம் அபோன்சோ த பைவாவுடன் கிழக்கே அனுப்பப்பட்டார். செலவுக்கு 400 குருசாடோ தங்கக் காசு; ஒரு பகுதி கையில், மீதி மாற்றுச்சீட்டாக. ரோட்ஸ் தீவில் தேன் வாங்கி, தேன் வியாபாரிகளாக அலெக்ஸாந்திரியாவுக்குள் நுழைந்தார்கள். அங்கே இருவரும் காய்ச்சலில் விழ, பிழைக்கமாட்டார்கள் என்று நினைத்து உள்ளூர் அதிகாரி தேனைப் பறிமுதல் செய்துவிட்டார். கொவிலியா பிழைத்து ஏடன் வழியாகக் கண்ணனூர், கள்ளிக்கோட்டை, கோவா, ஹோர்முஸ், சோபாலா வரை பார்த்தார். கடைசியில் எத்தியோப்பியாவில் தங்க வைக்கப்பட்டு, ஊர் திரும்பவே இல்லை. உங்கள் ஆள் இவ்வளவு தூரம் போகவேண்டாம். ஆனால் இந்த வரலாறு ஒன்றைக் கற்றுத் தருகிறது: வேடத்துக்கு எடுத்த சரக்கு நிஜச் சரக்காக இருக்கவேண்டும். விற்கத் தெரியவேண்டும், விலை தெரியவேண்டும், நட்டத்தைத் தாங்கவும் வேண்டும்.

இனி வியாபாரம். இடம் ரூவா நோவா தொஸ் மெர்காதோரெஸ், லிஸ்பனின் பெரிய வணிகத் தெரு. அதற்கு எட்டும் தூரத்தில் ஆற்றங்கரையில் மனுவேல் கட்டிய ரிபெய்ரா அரண்மனை. அதன் கீழ்த்தளத்தில் காசா த இந்தியா, அதாவது கிழக்கிலிருந்து வரும் சரக்கையெல்லாம் நிறுத்து, பதிந்து, விற்கும் அரச அலுவலகம். அரசர் மேலே, மிளகு கீழே. இந்த அடுக்கை வாசகர் மனத்தில் படியும்படி ஒரு காட்சியில் காட்டிவிட்டால் பிறகு விளக்கமே வேண்டாம்.

கணக்கு இல்லாமல் இந்தக் கதையை எழுத முடியாது. குருசாடோ தங்கக் காசு, சுமார் மூன்றரை கிராம். 1505-இல் அதற்கு ரெயிஸ் என்ற சிறு காசு ஏறக்குறைய 390 கிடைக்கும், 400 ஆனது பிற்பாடு. கிண்டால் என்ற எடையளவு ஒன்றுக்கு மிளகு கொச்சியில் ஏறத்தாழ 3 குருசாடோ, லிஸ்பனில் அரசர் நிர்ணயித்த விலை 22. இந்த இடைவெளியைப் பார்த்தவுடன் எல்லோரும் பணக்காரர் ஆகியிருப்பார்கள் என்று எழுதிவிடாதீர்கள். நடுவில் கப்பல் மூழ்கும், மிளகு காய்ந்து எடை குறையும், அரசரின் பங்கு போகும், பணம் பதினெட்டு மாதம் முடங்கும்.

கிண்டாலிலேயே இரண்டு உண்டு. பெரியது 128 அராத்தெல் என்ற சிறு எடை, இன்றைய கணக்கில் 58.75 கிலோ. மிளகுக்கு வழங்கிய பழைய சிறு கிண்டால் சுமார் 51.4 கிலோ. சூழ்ச்சிக்காரனுக்கு இதைவிட நல்ல இடுக்கு கிடையாது. ஒப்பந்தத்தில் "1,000 கிண்டால்" என்று மட்டும் எழுதி, எந்தக் கிண்டால் என்று எழுதாமல் விட்டால், இரண்டுக்கும் இடையே 140 சிறு கிண்டாலுக்கு மேல் வித்தியாசம் வரும். 22 குருசாடோ விலையில் அது 3,000-க்கு மேல். ஆனால் இந்த வித்தையை லிஸ்பன் வியாபாரியிடம் காட்டுவதாக எழுதினால் எடுபடாது, அவனுக்கு இரண்டு எடையும் பாலபாடம். ஊருக்குப் புதிதாக வந்த, மேலே உள்ளவர்களிடமிருந்து அவசரக் கடிதம் வந்து கிடக்கும் வெளிநாட்டு முகவரிடம் மட்டுமே எடுபடும். சூழ்ச்சி பலிப்பதற்கு எதிராளியின் அவசரம்தான் காரணமாக இருக்கவேண்டும். அவன் முட்டாளாக இருப்பதால் பலித்தது என்று எழுதினால் கதை மலிந்துபோகும்.

சரக்கைச் சோதிக்கும் காட்சி ஒன்று கட்டாயம் வையுங்கள். மிளகு கப்பலில் மூட்டையாக வராது. பலகை அடைத்த அறைகளில் கொட்டி வரும். இறக்கும்போதுதான் சாக்கில் அள்ளுவார்கள். நம் ஆள் மேலே கிடப்பதைப் பார்க்கமாட்டான். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பான். காய்ந்த மிளகு உள்ளங்கையில் சலசலக்கும், விரலை விரித்தால் உருண்டு ஓடிவிடும். ஈரம் பட்டது ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், பூசண வாடை அடிக்கும். கையை உதறியபின் ரேகையில் தங்கியிருக்கும் தூசியைத் தேய்த்துப் பார்ப்பான். மண் நறநறக்கும், மிளகுத் தூள் நறநறக்காது. இத்தனையையும் அவன் பேச்சை நிறுத்தாமலே செய்யட்டும்.

சூழ்ச்சியின் நடுத்தண்டு இப்படி அமையலாம். இந்தியக் கப்பல்கள் மார்ச், ஏப்ரலில் லிஸ்பனை விடும். ஆகஸ்ட், செப்டம்பரில் மலபார். டிசம்பர், ஜனவரியில் கொச்சியிலிருந்து புறப்பாடு. மறு கோடையில் லிஸ்பன். மாலுமிகளுக்குச் சம்பளத்தோடு குறிப்பிட்ட அளவு மிளகு ஏற்றிவரும் உரிமையும் உண்டு. அதற்குக் கிண்டலாதா என்று பெயர். கப்பல் ஏறும் முன் வீட்டில் விட்டுப்போகப் பணமில்லாதவன் அந்த உரிமையை விற்பான். இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பிரான்சிஸ்கோ த அல்மெய்தாவின் கப்பற்படை 1505 மார்ச் 25 அன்று புறப்பட்டது. அதற்கு முந்தைய வாரங்களில் நம் ஆள் சிறிது சிறிதாக 50 கிண்டாலுக்கான உரிமையை 8 குருசாடோ வீதம் வாங்கட்டும். மொத்தம் 400. இரண்டு ஒற்றர்களைக் கிழக்கே அனுப்பப் பழைய அரசர் கொடுத்த அதே தொகை; அவன் அதை நினைக்காமல் இருக்கமாட்டான். மிளகு காய்ந்து ஐந்து கிண்டால் எடை குறைந்துபோனாலும் 45 கிண்டால், 990 குருசாடோ. தீர்வையும் அரசர் பங்கும் இதில் கழியும். மிளகு காசா த இந்தியா வழியாகவே விற்கப்படும் என்பதையும் மறக்காதீர்கள். கள்ளச்சந்தை எழுதினால் அதற்குத் தனியாக ஒரு எழுத்தரை விலைக்கு வாங்கவேண்டியிருக்கும்.

செய்தி இரண்டாவது சரக்கு. லிஸ்பனிலிருந்து வெனிஸுக்குக் கடிதம் போய்ச்சேரச் சாதாரணமாக ஒன்றரை மாதம். மிக விரைவான தூதன் நாலு வாரத்தில் போனதுண்டு. எத்தனை கப்பல் திரும்பியது, எவ்வளவு மிளகு என்று ஒரு வாரம் முன்னதாகத் தெரிந்தவன் அங்கே விலை விழுமுன் விற்றுவிடுவான். வாங்குவோர் நிஜமாகவே இருந்தார்கள். 1502-இல் ஃபெராரா கோமகனுக்காக ஆல்பெர்ட்டோ கன்டினோ லிஸ்பனில் 12 தங்க டுகாட் கொடுத்து ஓர் உலக வரைபடத்தைப் பெற்று வெளியே அனுப்பினார். இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான தோல் படம் அது. இன்றும் இத்தாலியின் மோதெனாவில் இருக்கிறது. 1504 நவம்பரில் மனுவேல் வரைபட விவரங்களை வெளியிடத் தடை போட்டார். அதே 1504-இல் வியாபாரி என்ற பெயரில் வெனிஸ் அனுப்பிய லியோனார்டோ கா மாசெர் யாரென்று சீக்கிரமே தெரிந்துபோய், விசாரணைக்கு ஆளாகி, பின்பு விடப்பட்டார். நம் ஆள் இந்த வெனிஸ்காரரைத் தூரத்திலிருந்து பார்க்கும் காட்சி ஒன்று எழுதலாம். தொழில் தெரிந்தவன் தொழில் தெரியாதவனைப் பார்க்கும்போது அவன் முகத்தில் இரக்கம்தான் இருக்கவேண்டும்.

கடிதத்தை எப்படி அனுப்புவது? அரசு அஞ்சல் தலைவர் பதவி 1520-இல்தான் வந்தது. 1505-இல் கப்பல் தலைவன், வணிகக் குடும்பத்தின் தூதன், சந்தியாகோ புனிதத் தலத்துக்குப் போகும் யாத்ரிகன் இவர்களே வழி. குழூஉக்குறியாகத் தேனை எடுத்துக்கொள்கிறோம் என்று வையுங்கள்: "பன்னிரண்டு ஜாடித் தேன் வந்தது, இரண்டு உடைந்தது." பத்துக் கப்பல் பத்திரம், இரண்டு போயிற்று. எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பவன் கேட்கும் முதல் கேள்வி "தேன் எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். பன்னிரண்டு ஜாடி என்று எழுதினால் பன்னிரண்டு ஜாடி நிஜமாகப் போய்ச்சேர வேண்டும், கணக்குப் புத்தகத்திலும் ஏறியிருக்க வேண்டும். கப்பல் எண்ணிக்கை மாறும்போதெல்லாம் தேனை மாற்ற முடியாது. ஆகவே எண்ணைச் சரக்கின் அளவில் வைக்காமல் விலையில் வைப்பான். "சென்ற தடவையைவிடப் பத்து ரெயிஸ் கூடக் கேட்கிறார்கள்" என்ற வரியைச் சரிபார்க்க எவனாலும் முடியாது.

உறை என்று ஒன்று அப்போது கிடையாது. தாளையே பட்டைப் பட்டையாக மடித்து, முனையைச் செருகி, மெழுகு வைப்பார்கள். சூடான மெல்லிய கத்தியால் முத்திரையைக் கிளப்பித் திரும்ப ஒட்டலாம். நம் ஆள் அதைப் பலமுறை செய்தவன். அதனால் தனக்கு வரும் கடிதத்தில் முத்திரையை அவன் பார்ப்பதில்லை. மை காயத் தூவிய மணலில் ஒரு சிட்டிகை மடிப்புக்குள் தங்கியிருக்கும். வெறும் மேசைமேல் வைத்து மெல்லப் பிரிப்பான். மணல் விழுந்தால் சரி. விழாவிட்டால் தனக்கு முன் யாரோ பிரித்திருக்கிறார்கள்.

பேச்சு நடையில் தமிழ் நமக்குப் பெரிய துணை. அன்றைய போர்த்துகீசிய மரியாதைப் படிகளை நீ, நீர், தாங்கள் என்று அப்படியே இறக்கலாம். மனுவேலை "மாட்சிமை" என்று அழைக்கக்கூடாது, அன்றைய வழக்கு "அல்தேசா", உயர்நிலை என்ற பொருளில். வியாபாரிக்கு "தொம்" போடவே கூடாது, அது பிரபுக்களுக்கானது. குடும்பப் பெயர் பெர்னாண்டெஸ், ரொட்ரிகெஸ், லோபெஸ் போலத் தந்தை பெயரிலிருந்து வந்ததாக இருக்கலாம். சாவி, ஜன்னல், அலமாரி, பீப்பாய், மேசை, ஏலம், பாதிரி இவையெல்லாம் போர்த்துகீசியம் நமக்குத் தந்த சொற்கள். இவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். இந்தக் கதையில் அவை தம் சொந்த வீட்டில் இருக்கின்றன.

அடிக்கடி நடக்கும் பிழைகள் சில. 1505-இல் போர்த்துகலில் மதப் பிறழ்வை விசாரித்துத் தண்டிக்கும் கத்தோலிக்க விசாரணை மன்றம் (இன்குவிசிஷன்) இல்லை, 1536-இல்தான் வந்தது. சமையலில் தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் கூடாது. ரொட்டி, ஆலிவ் எண்ணெய், மத்தி மீன், திராட்சை மது போதும். சுவரில் நீல வெள்ளை ஓட்டுப் படங்கள் கூடாது. நேராகக் கோடு போட்ட இன்றைய நடு லிஸ்பன் 1755 நிலநடுக்கத்துக்குப் பின் கட்டியது. நம் ஆள் நடப்பது வளைந்த குறுகிய தெருக்களில்.

விசாரணை மன்றம் இல்லை என்பதால் பயம் இல்லை என்று ஆகாது. 1497-இல் யூதர்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டு "புதிய கிறிஸ்தவர்" ஆனார்கள். இருபது ஆண்டுகளுக்கு அவர்கள் நம்பிக்கையைக் கிளறமாட்டோம் என்று அரசர் வாக்குக் கொடுத்திருந்தார். 400 குருசாடோவில் பாதியைக் கடனாகக் கொடுத்த கூட்டாளி ஒரு புதிய கிறிஸ்தவராக இருக்கட்டும். கடன் சீட்டு, உரிமைச் சீட்டுகள் எல்லாம் அவர் வீட்டில். அரண்மனைக்காரர்கள் தன் வீட்டைச் சோதனை போடலாம் என்று பயந்து நம் ஆளே அங்கே வைத்தது. 1506 வசந்தத்தில் நகரில் கொள்ளைநோய், அரசர் ஊரில் இல்லை. ஏப்ரல் 19, ஞாயிறு, சாவோ தொமிங்கோ தேவாலயத்தில் தொடங்கிய வெறியாட்டம் மூன்று நாள் நடந்தது. ஆயிரக்கணக்கில் புதிய கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டு, வீடுகள் சூறையாடப்பட்டன. மிளகு ஏற்றிய கப்பல்கள் அப்போது இன்னும் கடலில்.

அந்த மூன்று நாளையும் ஓடிப்போய்க் காப்பாற்றும் சாகசமாக எழுதாதீர்கள். செத்தவர்களுக்கு அது நியாயமல்ல. திங்கட்கிழமை காலை அவன் எந்தத் தெரு வழியாகப் போனான், எந்த முனையில் நின்றுவிட்டான் என்பதை மட்டும் எழுதுங்கள். கூட்டாளியின் கதவு அங்கிருந்து தெரியவேண்டும்.