கடன் வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

வீட்டுக்கு ஃபிரிட்ஜோ வண்டியோ தவணையில் வாங்கும்போது "வெறும் 10 சதவீத வட்டிதான்" என்பார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள். "அது ஃபிளாட் வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி நிறைய பணத்தை மிச்சப்படுத்தும்.

12,000 கடன், ஒரு வருடத் தவணை என்று வையுங்கள். ஃபிளாட் வட்டி என்றால் முழு 12,000-க்கும் வருடம் முழுக்க வட்டி போடுவார்கள். அதாவது 1,200. மாதத் தவணை 1,100. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள்? ஆறு மாதத்தில் பாதிக் கடன் தீர்ந்துவிடும். தீர்ந்துபோன பாதிக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஏறக்குறைய 18 சதவீதம்! அதே 10 சதவீதம் குறையும் அசலுக்கு, அதாவது அந்தந்த மாதம் மீதியிருக்கும் கடனுக்கு மட்டும் என்றால் மொத்த வட்டி சுமார் 660தான் வரும்.

வட்டிக் கணக்கு குழப்பினால் விடுங்கள். மாதத் தவணையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, கடன் தருவதற்கு அவர்கள் வாங்கும் செயல்பாட்டுக் கட்டணத்தையும் கூட்டுங்கள். அதிலிருந்து கடன் தொகையைக் கழித்தால் மீதி வருவதுதான் நீங்கள் தரும் விலை. ஒரே கடன் தொகை, ஒரே காலத் தவணை என்றால், இரண்டு இடங்களின் கடனை இப்படியே ஒப்பிடலாம்.

அப்புறம், முன்கூட்டியே கடனை அடைத்தால் எவ்வளவு குறையும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இருவரும் உட்கார்ந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.