பச்சோந்திக்கு வாய் வழியாக மருந்து கொடுப்பது எப்படி

கிளினிக்கில் டாக்டர் செய்து காட்டும்போது எல்லாம் சுலபமாகத்தான் தெரியும். ஒரு கையில் பச்சோந்தி, மறு கையில் சிரிஞ்சு, வாய் திறந்தது, மருந்து போனது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் அதே சிரிஞ்சோடு நீங்கள் கூண்டுக்கு முன்னால் போய் நின்றால், அது உடம்பை ஊதிக்கொண்டு, நிறம் கறுத்து, ஒரு கண்ணால் உங்களையும் இன்னொரு கண்ணால் தப்பிக்கிற வழியையும் பார்த்துக்கொண்டிருக்கும். வாயை மட்டும் திறக்காது.

யாருக்காக எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடா, பிரிட்டன் மாதிரி நாடுகளில் ஏமன் பக்கத்து வெயில்டு, மடகாஸ்கரின் பாந்தர், கிழக்கு ஆப்பிரிக்க மலைகளின் ஜாக்சன் போன்ற பச்சோந்திகளை முறைப்படி வாங்கி வளர்ப்பவர்களுக்காக. இந்தியாவில் நம் ஊர் வேலியிலும் புளியமரத்திலும் இருக்கிற பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, அதை வீட்டில் வைத்து வளர்க்கவே கூடாது. அடிபட்டு ஒன்று கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், நீங்களாக மருந்து புகட்ட வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதில் நிஜமான ஆபத்து மருந்து உள்ளே போகாமல் இருப்பது இல்லை, தப்பான வழியில் போவதுதான். ஒரு வேளை மருந்து தவறினால் டாக்டரைக் கேட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். நுரையீரலுக்குள் போய்விட்டால் வந்த நோயோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும். பச்சோந்தியின் மூச்சுத் துளை வாய்க்குள்ளேயே, நாக்கின் அடிப்பகுதியை ஒட்டி, நடுவில் இருக்கிறது. வாயைத் திறந்து பார்த்தால் முன்னால் நாக்கு ஒரு சதைமேடு போலத் தெரியும், அதற்குப் பின்னால் மூடி மூடித் திறக்கிற சின்ன ஓட்டை, அதுதான். நமக்கு உதரவிதானம் இருக்கிறது, புரையேறினால் இருமித் தள்ளிவிடுகிறோம். அதற்கு உதரவிதானம் கிடையாது, அப்படி இருமவும் முடியாது. ஆகவே குழந்தைக்குச் சங்கில் மருந்தை எடுத்து மூக்கைப் பிடித்து மடமடவென்று ஊற்றுகிற நம் வீட்டுப் பழக்கம் இங்கே அறவே உதவாது.

அளவு

பெரிய வெயில்டு ஆண்கூட பெரும்பாலும் 200 கிராமுக்குள்தான் இருக்கும், பெண்ணும் குட்டியும் அதைவிட எவ்வளவோ குறைவு. மருந்து அளவை டாக்டர் எடையை வைத்துத்தான் போடுகிறார் என்பதால் ஒவ்வொரு கிராமாகத் துல்லியமாகக் காட்டுகிற டிஜிட்டல் சமையல் தராசு ஒன்றை இதற்கென்றே தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து நடக்கும் நாட்களில் எடை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், பழைய எடைக்குப் போட்ட அளவு அப்போது அதிகமாகிவிடலாம்.

அளவு எவ்வளவு சின்னது என்பதற்கு ஒரு கணக்கு. இது வெறும் உதாரணம்தான், எந்த மருந்தின் அளவும் இல்லை. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பச்சோந்தி 120 கிராம், அதாவது 0.12 கிலோ. தேவை 0.6 மில்லிகிராம். பாட்டிலில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருந்தால் நீங்கள் எடுக்க வேண்டியது 0.06 மில்லி, கிட்டத்தட்ட ஒரே ஒரு சொட்டு. புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டால் பத்து மடங்கு. ஆகவே 0.01 மில்லிக் கோடுகள் போட்ட 1 மில்லி சிரிஞ்சுதான் வேண்டும். 5 மில்லி சிரிஞ்சில் இந்த அளவைக் குத்துமதிப்பாகத்தான் எடுக்க முடியும். இன்சுலின் சிரிஞ்சு கையில் இருக்கிறதென்று எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் இருப்பது யூனிட் கணக்கு. 100 யூனிட் வகையில் 100 என்று போட்ட கோடு ஒரு மில்லி, ஆனால் ஊரிலிருந்து வந்தவர்கள் பையில் கொண்டுவருகிற 40 யூனிட் வகையில் 40 என்று போட்ட கோடே ஒரு மில்லி. இரண்டும் மாறினால் விபரீதம். எந்தச் சிரிஞ்சில், எந்தக் கோடு வரை என்று டாக்டரிடம் பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள், அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாய்க்கு வாங்கிய பூச்சி மருந்தையோ, நமக்குக் கொடுத்த மாத்திரையை உடைத்தோ கொடுக்காதீர்கள். ஐவர்மெக்டின் என்கிற பூச்சி மருந்து ஆமைகளைக் கொன்றுவிடும் என்பது ஊர்வன வைத்தியத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு பிராணிக்குச் சாதாரணமாக இருப்பது இன்னொன்றுக்கு விஷம். ஊர்வன பார்க்கிற டாக்டர் பக்கத்தில் யார் என்று தெரியாதவர்கள் ஏஆர்ஏவி என்கிற ஊர்வன, நீர்நில வாழ்வன கால்நடை மருத்துவர்கள் சங்கத்தின் பட்டியலில் தேடலாம்.

எப்போது

விளக்கும் பல்பும் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் போகட்டும். பச்சோந்தி உடம்பின் சூட்டை வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறது, குளிர்ந்து கிடக்கிற உடம்பில் செரிமானமும் மெதுவாகத்தான் நடக்கும், மருந்தும் மெதுவாகத்தான் ஏறும், விழுங்குவதற்கே தெம்பு இருக்காது. வளர்ந்த வெயில்டு குளிர்காய்கிற இடத்தில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா என்று வெப்பமானி வைத்துப் பாருங்கள், கையை நீட்டிப் பார்த்துச் சொல்வதெல்லாம் கணக்கில் சேராது. மருந்து என்னதான் சரியாக இருந்தாலும் கூண்டு குளிர்ந்து கிடந்தால் பாதிப் பலன்தான்.

உடம்பில் நீர் இருக்க வேண்டும் என்பது இதே அளவு முக்கியம், ஏனென்றால் பல மருந்துகளைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. எச்சத்தோடு வருகிற யூரேட், அதாவது கெட்டியான சிறுநீர்க் கழிவு, வெள்ளையாக இருந்தால் நல்லது. ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் தண்ணீர் போதவில்லை, தெளிப்பதைக் கூட்டிவிட்டு டாக்டரிடமும் சொல்லுங்கள். மருந்தைச் சொட்டுநீர்ப் பாட்டிலில் கலந்து வைப்பது மட்டும் வேண்டாம், எவ்வளவு குடித்தது என்று யாருக்குத் தெரியும்?

இரை கொடுப்பதற்கு முன்னால் மருந்தை முடித்துவிடுவது நல்லது, நிறைந்த வயிற்றோடு பிடித்தால் கக்கிவிடலாம். என்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக்குகள் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேராமல் போகும் என்பதால், பூச்சியின்மேல் தூவுகிற கால்சியம் பொடியை எவ்வளவு இடைவெளி விட்டுக் கொடுக்கலாம் என்று மறக்காமல் கேளுங்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை.

வாயைத் திறக்க வைப்பது

முதலில் பிடிக்காமலே முடிகிறதா என்று பாருங்கள். பச்சோந்தி இலையில் தொங்குகிற சொட்டைத்தான் நக்கிக் குடிக்கும். சிரிஞ்சு நுனியில் தண்ணீர்ச் சொட்டு ஒன்றைத் தொங்கவிட்டு மூக்கு நுனிக்குக் கீழே உதட்டில் படும்படி காட்டினால் சில பச்சோந்திகள் அதையும் நக்க ஆரம்பிக்கும். ஆரம்பித்துவிட்டால் நடுவில் மருந்துச் சொட்டு ஒன்று, அப்புறம் மறுபடி தண்ணீர். நோய் வருவதற்கு முன்பே, சும்மா இருக்கும் காலத்தில் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திவிட்டால் பின்னால் பெரிய நிம்மதி.

இரை எடுக்கிற நிலையில் இருந்தால் பூச்சி வழி. கெட்டியான மருந்தை கிரிக்கெட் பூச்சியின் முதுகில் தடவியோ, மெல்லிய ஊசியால் பட்டுப்புழு, ஹார்ன்வோர்ம் மாதிரி மென்மையான புழுவுக்குள் ஏற்றியோ, கையில் பிடித்தபடி அந்த நிமிடமே நீட்ட வேண்டும், கூண்டில் விட்டுவிட்டுப் போனால் மருந்து இலையில்தான் இருக்கும். புழுவிலிருந்து மருந்து கசியும், அளவு துல்லியமாக இருக்காது, அதனால் டாக்டர் சரி என்று சொன்ன மருந்துக்கு மட்டும். மெட்ரோனிடசோல் என்கிற மருந்து பயங்கரக் கசப்பு. அதைத் தடவிக் கொடுத்தால் அந்தப் பூச்சியையே அப்புறம் தொடாமல் போகலாம்.

இரண்டும் நடக்கவில்லையா, அதன் கோபத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அநேகப் பச்சோந்திகள் மிரட்டுவதற்காகத் தாமாகவே வாயைப் பிளக்கும். எனக்குப் பிடித்த வழி இதுதான், வாயை நாம் தொடவே வேண்டியதில்லை. சிரிஞ்சைப் பக்கவாட்டில் தயாராக வைத்துக்கொண்டு, அது பிளக்கிற அந்த நொடியில் வாயின் ஓரத்தில், கன்னத்தின் உட்புறத்தில் ஒரு சொட்டு வையுங்கள். முன்னாலிருந்து நேராகத் தொண்டையைக் குறிபார்த்துப் பீய்ச்சக் கூடாது, நடுவில்தான் அந்த ஓட்டை இருக்கிறது.

கடைசி வழி, நாமே திறப்பது. கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். முதலில் அதைப் பிடுங்கி எடுக்காமல் ஒரு குச்சியில் ஏறவிட்டு வெளியே கொண்டுவாருங்கள். ஒருவர் உடம்பை உள்ளங்கையில் தாங்கி, கால்கள் எதையாவது பற்றிக்கொண்டிருக்கும்படி வைத்துக்கொள்ளட்டும், வயிற்றை அழுத்தாமல், முட்டை சுமக்கிற பெண்ணாக இருந்தால் இன்னும் கவனமாக. காலைப் பிடித்து இழுத்தால் எலும்பு முறியும். மற்றவர் தலைக்குப் பின்னால், தாடை மூலைகளில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துத் தாங்க வேண்டும், தலைமேல் இருக்கிற கொண்டையை நெம்புகோலாக்கக் கூடாது. தலை உடம்பைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும், மல்லாக்க வேண்டாம், அண்ணாந்து பார்க்க வைக்கவும் வேண்டாம். இப்போது தாடைக்குக் கீழே தொங்குகிற தோலை மெதுவாகக் கீழே இழுத்தால் பெரும்பாலும் வாய் கொஞ்சம் திறக்கும். திறக்காவிட்டால் மென்மையான சிலிக்கான் கரண்டியின் ஓரத்தை உதட்டோரத்தில் வைத்துப் பொறுமையாக இருங்கள், தானே கடிக்க வரும்.

ஸ்பூன், இடுக்கி, நகவெட்டி என்று எந்த உலோகமும் வாய்க்குள் போகக் கூடாது. பச்சோந்தியின் பற்கள் தாடை எலும்பின் விளிம்போடு ஒட்டி இருப்பவை, உடைந்தால் மறுபடி முளைக்காது, உடைந்த இடத்தில் கிருமி சேர்ந்து தாடையே அழுகலாம். தாடை ரப்பர் மாதிரி வளைகிறது, கால்கள் கோணலாக இருக்கின்றன என்றால் கால்சியக் குறைவால் எலும்பு இளகியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பச்சோந்தியின் வாயை வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள், டாக்டரிடம் வேறு வழி கேளுங்கள். குழாய் விட்டுப் புகட்டுவதையும் அவர் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்காமல் செய்ய வேண்டாம்.

நாக்கையும் மறந்துவிடக் கூடாது. உடம்பின் நீளத்தையே தாண்டிப் பாய்கிற நாக்கு, வாய்க்குள் ஓர் எலும்பைச் சுற்றிச் சுருண்டு மடிந்து கிடக்கிறது. சிரிஞ்சால் அதைக் குத்தினாலோ ஒதுக்கித் தள்ளினாலோ காயம் படும். காயம் பட்டால் இரை பிடிப்பதே நின்றுபோகும்.

ஒரு தடவைக்கு 0.05 மில்லிக்கு மேல் வேண்டாம். ஒரு சொட்டு, தொண்டை அசைந்து விழுங்குவது தெரிகிற வரை காத்திருங்கள், அடுத்த சொட்டு. விழுங்குவதற்கு வாயை மூட வேண்டும், ஆகவே மருந்து வைத்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். ஓரிரு நிமிடங்களுக்குள் முடியவில்லை என்றால் கூண்டில் விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து வாருங்கள். போராடிப் போராடி மூச்சிரைக்கிற பிராணிக்குள் திரவம் ஊற்றினால் அது எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

துப்பிவிட்டால்? கொஞ்சம் வழிந்ததற்கு மறுபடி முழு அளவும் கொடுக்காதீர்கள், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது இரண்டாவது தடவை கொடுப்பதுதான் ஆபத்து. டாக்டரைக் கேட்டுவிட்டு அடுத்த வேளைக்குப் போங்கள்.

கொடுத்த பிறகு கால் மணி நேரம் கண் வைத்திருங்கள். மூக்கிலோ வாயிலோ நுரை, குமிழி, மூச்சு விடும்போது சொடுக்குச் சத்தம், வாயைப் பிளந்தபடி தலையை மேலே தூக்கிக்கொண்டே இருப்பது, இவையெல்லாம் உள்ளே தப்பாகப் போனதன் அறிகுறி. அப்படி ஏதாவது தெரிந்தால் தலையைக் கொஞ்சம் கீழே சாய்த்து, வெளியே வருவதை டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, வேறு எதையும் வாய்க்குள் விடாமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். சில நாள் கழித்தும் இது தெரியலாம். ஏற்கெனவே சளிக்கு மருந்து எடுக்கிற பச்சோந்தி என்றால் மருந்து தொடங்கும் முன்பே அது மூச்சு விடுவதை ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சிரிஞ்சைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஊர்வன நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதும் சால்மோனெல்லாக் கிருமியைச் சுமந்திருக்கலாம். கலங்கலான மருந்தென்றால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வாரம் தண்ணீரும் கடைசி வாரம் வீரியமும் போகும். ஃப்ரிட்ஜில் வைத்த மருந்தைச் சிரிஞ்சில் எடுத்தபின் உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்தால் சில்லிப்பு போய்விடும்.

தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். குடற்புழுவுக்கு ஃபென்பெண்டசோல் கொடுத்தால் டாக்டர் இரண்டு வாரம் போல இடைவெளி விட்டு இன்னொரு சுற்று சொல்வார், கூண்டில் கிடக்கிற முட்டைகளிலிருந்து மறுபடி தொற்றலாம் என்பதால்தான் அது. அந்த நாட்களில் கூண்டின் தரையில் மண், மரத்தூள் எதுவும் வேண்டாம், தினமும் மாற்றுகிற பேப்பர் துண்டு போதும். மருந்து முடிந்தபின் எச்சத்தை மறுபரிசோதனைக்குக் கொடுக்கும்போது அன்றைக்குப் போட்டதாக இருக்கட்டும். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.