நடுச்சொல் தேடலை விரைவாக்குதல்: போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் மூவெழுத்து இண்டெக்ஸ்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் வைத்த நூலகப் பட்டியலில் சில லட்சம் வரிசைகள் சேர்ந்தபின், தலைப்பின் நடுவே வரும் ஒரு சொல்லை ‘லைக்’ என்ற ஒப்பீட்டுச் சொல்லைக் கொண்டு தேடினால் விடை வரத் தாமதமாகும். தலைப்புக்கு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டுவரிசை) ஏற்கெனவே இருக்கிறதே என்று பலரும் குழம்புவது இங்கேதான். வழக்கமான பி-ட்ரீ இண்டெக்ஸ் அகராதியைப் போன்றது. ‘கடல்’ என்று தொடங்கும் சொற்களை அதில் உடனே எடுக்கலாம், ஆனால் இடையில் ‘கடல்’ வரும் சொற்களுக்கு எல்லாப் பக்கங்களையும் புரட்டியாக வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள். தேடல் கட்டளைக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ என்று சேர்த்து இயக்கினால், ‘சீக்வென்ஷியல் ஸ்கேன்’ (எல்லா வரிசைகளையும் ஒவ்வொன்றாகப் படிப்பது) நடக்கிறதா, எத்தனை மில்லிநொடி ஆகிறது என்பவை தெரியும். இது கட்டளையை உண்மையாகவே இயக்கும் என்பதால், ‘டிலீட்’ போன்றவற்றோடு சேர்த்து விளையாட வேண்டாம்.

அடுத்து, ‘கிரியேட் எக்ஸ்டென்ஷன் பிஜி_டிஆர்ஜிஎம்’ என்ற கட்டளையை இயக்குங்கள். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன், தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளே வேண்டும்.) இந்த நீட்சி ஒவ்வொரு சொல்லையும் மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக நறுக்கி வைக்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 9.1 பதிப்பு முதல் ‘லைக்’, ‘ஐலைக்’ (பெரிய, சிறிய ஆங்கில எழுத்து வேறுபாடு பாராதது) தேடல்களுக்கும் இத்துண்டுகள் பயன்படுகின்றன.

மூன்றாவதாக, ‘கிரியேட் இண்டெக்ஸ் கன்கரண்ட்லி ஆன் நூல்கள் யூசிங் ஜின் (தலைப்பு ஜின்_டிஆர்ஜிஎம்_ஆப்ஸ்)’ என்று இண்டெக்ஸை உருவாக்குங்கள். ‘ஜின்’ என்பது, ஒவ்வொரு துண்டும் எந்தெந்த வரிசைகளில் வருகிறது என்று குறித்துவைக்கும் இண்டெக்ஸ் வகை. ‘கன்கரண்ட்லி’ என்ற சொல் இருந்தால், இண்டெக்ஸ் உருவாகும் நேரத்திலும் அட்டவணையில் எழுதுவது தடைபடாது. ஆனால் அக்கட்டளையை, பல கட்டளைகளை ஒரே தொகுப்பாக இயக்கும் டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்க முடியாது.

இப்போது மறுபடி அளந்தால் ‘பிட்மேப் இண்டெக்ஸ் ஸ்கேன்’ என்று வர வேண்டும், அதாவது இண்டெக்ஸ் பயன்படுகிறது. அதையடுத்து வரும் ‘ரீசெக்’ பிழையன்று. துண்டுகள் பொருந்திய வரிசைகளில் முழுத் தொடரும் உண்மையில் இருக்கிறதா என்று தரவுத்தளம் சரிபார்க்கிறது. அட்டவணை மிகச் சிறியதாக இருந்தால் இண்டெக்ஸை ஒதுக்கிவிட்டு முழுவதும் படிப்பதும் சரியான முடிவே.

தமிழ்த் தரவில் கூடுதல் கவனம் தேவை. ‘மு’ என்பது நம் கண்ணுக்கு ஓரெழுத்து, யூனிகோடில் இரண்டு குறிகள். மேலும், எவை எழுத்துகள் என்பதை இந்த நீட்சி தரவுத்தளத்தின் லொகேலைக் (மொழி, எழுத்து அமைப்பைக்) கொண்டு முடிவு செய்வதால், புள்ளி போன்ற குறிகள் எழுத்தாகக் கொள்ளப்படாத இடத்தில் சொல் இரண்டாக உடையலாம். ‘ஷோ_டிஆர்ஜிஎம்’ செயல்பாட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள்: தமிழ்த் துண்டுகள் பதினாறடிமான எண்களாகத் தோன்றினால் அஞ்ச வேண்டாம், விடை வெறுமையாக இருந்தால் லொகேலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இருபுறமும் சதவீதக்குறி (அங்கே எதுவும் வரலாம் என்று பொருள்) இட்டு இரண்டு குறிகளை மட்டும் தேடினால் துண்டே கிடைக்காது. அங்கே இந்த இண்டெக்ஸால் பயனில்லை.

ஜின் இண்டெக்ஸ், எழுதும் வேலையைச் சற்று மெதுவாக்கும். பழைய பி-ட்ரீயை அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். தலைப்பை அகரவரிசையில் அடுக்க அது இன்னமும் வேண்டும்.