அலைச்சறுக்கு வகுப்பு: போர்டில் ஏறுமுன்னே சறுக்கும் இடங்கள்

முதல் தவறு வகுப்பைத் தேடும்போதே நடந்துவிடுகிறது. கட்டணத்தை விசாரிப்பவர்கள், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேட்பதில்லை. நாலைந்து பேர் என்றால் நல்லது. எட்டைத் தாண்டினால் பாதி நேரம் தண்ணீரில் வேடிக்கைதான் பார்ப்பீர்கள். பயிற்சியாளருக்கு உயிர்காப்பு, முதலுதவிச் சான்றிதழ்கள் உண்டா, கடல் சரியில்லாத நாளில் வகுப்பைத் தள்ளிவைப்பார்களா என்றும் கேளுங்கள். “எந்த அலையானாலும் பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். நீச்சல் தெரியாது என்றால் மறைக்காதீர்கள். போர்டைக் காலோடு பிணைக்கும் கயிறான லீஷ் அறுந்தால் கையில் போர்டு இருக்காது.

அடுத்தது சின்ன போர்டு ஆசை. போர்டு சின்னதாக ஆக மிதப்பு குறையும். அலையைப் பிடிக்கவே முடியாதபோது எழுந்து நிற்பது எங்கே? 8 முதல் 9 அடி வரையுள்ள, மேல்பரப்பு மெத்தென்ற ஃபோம் போர்டைக் கேளுங்கள். தலையில் பட்டாலும் அடி சற்றுக் குறையும்.

எழுந்து நிற்பதைத் தரையிலேயே பழகிவிடலாம். பலரும் போர்டின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு, முட்டி போட்டு, பிறகு எழப் பார்ப்பார்கள். ஓரத்தைப் பிடித்தால் போர்டு ஒரு பக்கம் சாயும். முட்டி போட்டால் அந்த ஒரு நொடியில் அலை போய்விடும். உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் தட்டையாக ஊன்றி, உடம்பைத் தூக்கி, முன்கால் இரு கைகளுக்கும் நடுவில் வந்து விழும்படி ஒரே வீச்சில் எழ வேண்டும். பார்வை காலில் இருக்கக்கூடாது, எதிரே இருக்க வேண்டும். வகுப்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் இருபது முறை செய்தால் போதும். லீஷ் பின்காலில்தான்.

படுக்கும் இடமும் முக்கியம். போர்டின் மூக்கு, அதாவது முன்நுனி, தண்ணீருக்குள் குத்தினால் நீங்கள் அதிகம் முன்னே இருக்கிறீர்கள். மூக்கு வானம் பார்த்து அலை அடியில் நழுவினால் அதிகம் பின்னே. நாலு விரற்கடை நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கும்போது போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் வைக்காதீர்கள். அலை அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும். லீஷைக் கையில் சுற்றினால் விரல் போகும். விழும்போது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது கைகள் தலையை மூடியிருக்கட்டும். மோதிரத்தைக் கரையிலேயே கழற்றிவிடுங்கள். உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை இல்லையென்றால் மறுநாள் வயிறும் மார்பும் எரியும்.

பலருக்குத் தெரியாதது ஒன்று: முதுகை வில்லாக வளைத்து நெடுநேரம் போர்டில் படுத்திருந்தால், மிக அரிதாகத் தண்டுவடத்துக்கு இரத்தம் தடைபடலாம். 2004-இல் மருத்துவர்கள் விவரித்த இந்தப் பாதிப்பு பெரும்பாலும் புதியவர்களுக்கே வருகிறது. அலைக்குக் காத்திருக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள், இடையிடையே தண்ணீர் குடியுங்கள். திடீர் முதுகுவலியோடு கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ உடனே கரையேறி மருத்துவமனைக்குப் போங்கள். படுத்து எழுந்தால் சரியாகிவிடும் வலியல்ல அது.