மூன்றரை மாத ஊசி தவறிப்போகாமல் இருக்க

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையுடன் கணவர் ஊருக்குத் திரும்புவது இராமநாதபுரம் கடலோரத்திலும் வழக்கம்தான். தங்கச்சிமடத்தில் தடுப்பூசியின் முதல் இரண்டு தவணைகளைப் போட்டுக்கொண்ட குழந்தை மூன்றாம் தவணை நாளில் தொண்டியில் இருக்கும். அட்டையோ தங்கச்சிமடத்து அலமாரியிலேயே கிடக்கும். ஆகவே துணிமூட்டை கட்டுமுன் தாய் சேய் நல அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

மூன்றரை மாதத்தில், அதாவது 14ஆம் வாரத்தில் வரும் அந்த மூன்றாம் தவணையை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. மூளை உறையைத் தாக்கும் காய்ச்சலையும், இரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸையும் உண்டாக்கும் கிருமிகளில் ஹிப், நிமோகாக்கஸ் இரண்டும் முக்கியமானவை. ஹிப்புக்கு எதிரான மருந்து, ஐந்து நோய்களுக்கான பெண்டாவலண்ட் ஊசியிலேயே அடங்கியுள்ளது. அது 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது. நிமோகாக்கல் ஊசி 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் போடப்படுகிறது. 14ஆம் வாரம் தவறினால் இரண்டுமே குறைபட்டு நிற்கும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இவை இலவசம். பிறந்ததும் போடும் பிசிஜி, காசநோயால் வரும் மூளைக்காய்ச்சலுக்கானது.

தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் பெரும்பாலும் புதன்கிழமை. இடத் தொடையில் பெண்டாவலண்டும் வலத் தொடையில் நிமோகாக்கலும் போடுவார்கள். ஒரே நாளில் இத்தனை ஊசியா என்று பாட்டிமார் தடுத்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருந்து, தாய்ப்பால் கொடுங்கள். அன்றிரவு காய்ச்சல் வரலாம். செவிலியர் எடைக்கேற்பச் சொன்ன அளவில் மட்டும் பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுங்கள். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தேய்க்கவோ சூடான ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. வீக்கத்துக்கு ஈரத்துணி போதும்.

நாள் தள்ளிப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட தவணையிலிருந்தே தொடரலாம். பெண்டாவலண்ட் தவணைகளுக்கிடையே நான்கு வாரமேனும், நிமோகாக்கல் தவணைகளுக்கிடையே எட்டு வாரமேனும் இடைவெளி வேண்டும்.

எல்லாக் கிருமிகளையும் இந்த ஊசிகள் தடுப்பதில்லை. முதல் ஆறு வாரத்துக்கும் இவற்றின் காப்பு இல்லை. எனவே ஊசி போட்ட குழந்தையானாலும், பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, கைமருத்துவத்தில் நேரத்தைக் கழிக்காமல் 108ஐ அழையுங்கள். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். உடல் சூடேறுவதற்குப் பதிலாகச் சில்லிட்டும் போகலாம்.