லடாக்குக்கு ஆறு பெண்கள்: காசை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது

சேலத்தில் பெண்கள் மட்டும் சேர்ந்து டூர் போவது புதுசு இல்லை. கோவில் டூர், ஆலப்புழை படகு வீடு, துபாய் என்று பல குரூப்புகள் போய் வந்துவிட்டன. அடுத்து எங்கே என்று வாட்ஸப்பில் பேச்சு எழும்போது யாராவது ஒருத்தர் பாங்கோங் ஏரி படத்தைப் போட, இரண்டு நாளில் ஏதோ ஒரு ஏஜென்ட்டிடமிருந்து பிடிஎஃப் வந்து இறங்கும். ஐந்து ராத்திரி ஆறு பகல், லே, நுப்ரா, பாங்கோங், மேலே தங்க எழுத்தில் 'லக்ஸுரி'. அதை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். காசு செலவழிக்கத் தயார் என்றால் முதலில் வாங்க வேண்டியது கூடுதல் நாட்கள். அடுத்தது ராத்திரி முழுக்கச் சூடாக இருக்கும் ரூம், அதோடு ஒட்டிய பாத்ரூம். ஏரியைப் பார்த்த கண்ணாடிச் சுவர், டென்ட்டுக்குள் தொங்கும் சரவிளக்கு எல்லாம் அப்புறம்.

நாட்கள் ஏன் முக்கியம்? சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500, லே 3,500. டெல்லியில் காலையில் விமானம் ஏறினால் காபி நேரத்துக்குள் லேயில் இறக்கிவிடுவார்கள், ஆனால் அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டல், தூக்கம் வராமை இதெல்லாம் முதல் நாளே வரலாம், ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓய்வெடுக்காமல் மறுநாளே மேலே ஏறினால்தான் வம்பு. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது, மூளை வீங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகும், அதற்கு முதல் வைத்தியம் உடனே கீழே இறக்குவது. தினமும் ஜிம்முக்குப் போகிறவருக்கு வராது, வயசானவருக்குத்தான் வரும் என்று எந்தக் கணக்கும் இதில் கிடையாது.

அதனால் என் ஓட்டு ஸ்ரீநகர் வழிக்கு. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், அங்கே ஒரு ராத்திரி. சோஜி லா கணவாய் தாண்டிக் கார்கிலில் (சுமார் 2,700) ஒரு ராத்திரி. லாமாயுரு மடத்தைப் பார்த்துவிட்டு ஆல்ச்சியில் (சுமார் 3,100) ஒரு ராத்திரி, அதற்கப்புறம் லே. உடம்பு படிப்படியாகப் பழகும், வழியும் அழகு. இடுப்பு வலிக்காரர்களுக்கு இந்தச் சாலைப் பயணம் பிடிக்காமல் போகலாம், அவர்கள் விமானத்தில் நேராக லே போய் முதல் இரண்டு நாள் ஹோட்டலைவிட்டு நகராமல் இருப்பதாக ஏஜென்ட்டிடம் எழுதியே வாங்கிக்கொள்ளட்டும். 'சும்மா பக்கத்தில் ஒரு மடம்தான் மேடம்' என்று முதல் நாள் சாயங்காலமே கூப்பிடுகிற டிரைவர்கள் உண்டு. போகாதீர்கள்.

3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான விதி. இதை வைத்து எந்தத் திட்டத்தையும் நீங்களே சோதித்துவிடலாம். நுப்ரா பள்ளத்தாக்கு லேயைவிடத் தாழ்வு, அதனால் அங்கே தூங்குவதில் பிரச்சனை இல்லை. போகும் வழியில் கர்துங் லா கணவாய் மட்டும் 17,500 அடிக்கு மேல் (18,380 என்று ரொம்ப வருஷம் பலகை வைத்திருந்தார்கள், அளந்து பார்த்ததில் 17,582தான் வந்தது), அங்கே இறங்கி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட வேண்டும். பாங்கோங் சுமார் 4,250 மீட்டர். நுப்ராவிலிருந்து நேராக அங்கே போய்த் தூங்குவது ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். எல்லா பிடிஎஃபிலும் இதுதான் இருக்கும். ஏரியைப் பகலில் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கித் தூங்குவதுதான் என் யோசனை, ஏரிக்கரையில் சூரிய உதயம் போச்சே என்று குரூப்பில் ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஏற்காட்டுக்கு வருவோம். அங்கே வாரா வாரம் நடந்தால் லடாக் உயரத்துக்கு உடம்பு பழகிவிடும் என்று நினைப்பவர்கள் நம்மூரில் நிறைய. பழகாது. 1,500 மீட்டர் அதற்குப் போதாது. ஆனால் வேறு இரண்டு விஷயத்துக்கு ஏற்காடு ரொம்ப உதவும். ஒன்று, காலும் ஷூவும். ஏரியிலிருந்து சேர்வராயன் கோவில் வரை ஏறி இறங்கினால் புது ஷூ எங்கே கடிக்கிறது, முட்டி எங்கே முனகுகிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்றுதான் பெரியது: குரூப்பைச் சோதிப்பது. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஆறு பேரும் ஒரே காரில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, எஸ்டேட் பக்கம் ஒரு வீடு எடுத்து இரண்டு ராத்திரி தங்குங்கள், வீட்டுக்காரர், குழந்தைகள் யாரும் வேண்டாம். யாருக்கு வளைவில் வாந்தி வருகிறது, யார் எட்டு மணிக்குக் கிளம்பச் சொன்னால் பத்துக்குத் தலை வாருகிறார், யார் ஹோட்டல் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஒருத்தர் விலக வேண்டும் என்றால் அடிவாரம் இறங்கும்போதே விலகிக்கொள்ளலாம், மனஸ்தாபமும் இருக்காது. மே மாதக் கோடை விழா நேரத்தில் மட்டும் போகாதீர்கள், நடக்கவே இடம் இருக்காது.

ஆறு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு இன்னோவா, ஒன்றுக்கு மூன்று பேர், எல்லோருக்கும் ஜன்னல், கால் நீட்ட இடம். எட்டு பேர் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் டெம்போ டிராவலர், அப்புறம் யாருக்கு முன் சீட் என்ற சண்டை. ரூம் ஆளுக்கு ஒன்று எடுங்கள். உயரத்தில் தூக்கம் எல்லோருக்கும் அரைகுறைதான், மூச்சு சில விநாடி நின்று மறுபடி வேகமாக வருவதுகூடச் சகஜம். பக்கத்துக் கட்டிலில் குறட்டையும் சேர்ந்தால் காலையில் முகம் கொடுத்துப் பேச முடியாது. மொத்தச் செலவில் இதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம்தான் முழுசாகப் பலன் தரும்.

ஏஜென்ட்டிடம் போனில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு ராத்திரியும் தூங்கும் இடத்தின் உயரம் எவ்வளவு? ஹீட்டர் விடியும் வரை ஓடுமா, ஜெனரேட்டரை நிறுத்தும்போது அதுவும் நின்றுவிடுமா? வெந்நீர் குழாயில் வருமா, காலையில் ஒரு வாளியா? ஒவ்வொரு காரிலும் ஆக்சிஜன் சிலிண்டரும் ஆக்சிமீட்டரும் இருக்குமா? நடு ராத்திரி ஒருத்தரைக் கீழே இறக்க வேண்டியிருந்தால் வண்டியும் டிரைவரும் அங்கேயே இருப்பார்களா? லேயில் எஸ்.என்.எம். அரசு மருத்துவமனை இருக்கிறது, நுப்ராவிலிருந்து அங்கே வர மறுபடி கர்துங் லா ஏறி இறங்க வேண்டும் என்பதால்தான் கடைசிக் கேள்வி. இதற்கெல்லாம் 'டோன்ட் வொரி மேடம்' என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பெண் வழிகாட்டி வேண்டும் என்றால் கேளுங்கள், கிடைக்கும். தின்லஸ் சோரோல் என்ற லடாக் பெண் 2009இல் பெண்களே நடத்தும் டிராவல் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். ஆண்கள் மட்டுமே வழிகாட்டியாக இருந்த ஊரில் அது பெரிய காரியம். அவர்களுடையது மலையேற்றம், கிராமத்து வீடுகளில் தங்கல் என்ற பாணி, சொகுசுப் பட்டியலில் வராது. ஆனாலும் திட்டத்துக்கு நடுவில் ஒரு கிராமத்து வீட்டில் ஒரு மதியச் சாப்பாடாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்யூ (கோதுமை மாவுத் துண்டும் காய்கறியும் போட்டுக் கொதிக்க வைப்பது), ஆப்ரிகாட், உப்புப் போட்ட வெண்ணெய் டீ. டீ நம் நாக்குக்கு ஏறுவது கஷ்டம்தான்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். ஹீமோகுளோபின் கட்டாயம் பாருங்கள், நம் பெண்களில் பாதிப் பேர் ரத்தசோகையோடுதான் சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கிறோம், உயரத்தில் அது இன்னும் களைப்பாக்கும். பிரஷர், இதயம், ஆஸ்துமா, கர்ப்பம் எதையும் மறைக்க வேண்டாம். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று அவரே சொல்லட்டும், சல்ஃபா அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போட்டுக்கொண்டால் விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி பாத்ரூம் வரும். வழியில் கழிவறை சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டே, அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். ஒவ்வொரு மணி நேரமும் வண்டி நிற்கும் என்று முதல் நாளே டிரைவரிடம் பேசி வையுங்கள். மலையேறும் நேரத்தில் மாதவிடாய் தேதி தள்ளிப்போவதும் உண்டு, முன்னால் வருவதும் உண்டு, அதனால் தேதி தள்ளி இருந்தாலும் நாப்கின் எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே இரண்டு ஜிப் கவர். பயன்படுத்தியதை அங்கே போடாமல் லே வரை கொண்டுவந்து ஹோட்டல் குப்பையில் போடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறும் பருப்பும் வேகாது, நல்ல கேம்ப்களில்கூடச் சில நாள் அரை வேக்காடாக வரும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நெய் ஒரு பாட்டில் போதும். தட்டுவடை எடுத்துப் போங்கள், தூளாகிவிடும், இருந்தாலும் எடுத்துப் போங்கள்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை போகலாம், எனக்குச் செப்டம்பர் முதல் பாதி பிடிக்கும், வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், கூட்டமும் குறையும். நம்மூர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதுவும் எல்லா ஊரிலும் சிக்னல் தராது, வீட்டில் சொல்லிவிடுங்கள். திரும்பும்போது டெல்லியில் ஒரு நாளைச் சும்மா விடுங்கள். லேயிலிருந்து விமானம் பெரும்பாலும் காலையில் மட்டும்தான், காற்றோ மேகமோ சரியில்லை என்றால் ரத்தாகி மறுநாளுக்குப் போய்விடும். அதனால் சேலம் வந்து சேரும் தேதிக்கு அடுத்த நாள் நாத்தனார் மகள் வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எதையும் ஒத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.